சின்னக் கவுண்டியில் கைதுப் பதிவைத் தேடுவது எப்படி: மேற்கு டெக்சஸின் புரூஸ்டர் கவுண்டியை வைத்து ஒரு வழிகாட்டி

அமெரிக்காவில் குடியேறிப் பல ஆண்டுகள் ஆனவர்களுக்குக்கூட, ஒருவர் கைது செய்யப்பட்டாரா, எதற்காக, அந்த வழக்கு என்ன ஆயிற்று என்று தேடிப் பார்க்க வேண்டிய நிலை திடீரென்று வந்து சேரும். இரவு காரில் கிளம்பிய தம்பி விடியும் வரை தொலைபேசியை எடுக்காமல் இருக்கலாம். வீட்டின் ஒரு பகுதியை வாடகைக்குக் கேட்டு வந்தவரைப் பற்றி ஊரில் ஒரு பேச்சு அடிபடலாம். பத்து ஆண்டுகளுக்கு முன் தமக்கே நேர்ந்த ஒரு கைதுக்கான தாள்களைக் குடியுரிமை விண்ணப்பத்தோடு இணைக்கும்படி குடிவரவு அலுவலகம் கேட்கலாம். கவுண்டி என்பது மாநிலத்துக்குள் அமைந்த ஒரு நிர்வாகப் பகுதி. ஹூஸ்டன் நகரம் அமைந்த ஹாரிஸ் கவுண்டி போன்ற பெரிய இடங்களில் இவற்றில் பெரும்பகுதியை இணையத்திலேயே பார்த்துவிட முடியும். சில ஆயிரம் பேர் மட்டும் வாழும் கிராமப்புறக் கவுண்டியில் பதிவும் இருக்கும், அதைப் பார்க்கும் உரிமையும் இருக்கும். ஆனால் அது எந்த அலுவலகத்தில் யார் பொறுப்பில் இருக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டு, தொலைபேசியிலோ கடிதத்திலோ நேரிலோ கேட்டுத்தான் வாங்க வேண்டியிருக்கும்.

சட்டமும் நடைமுறையும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும் என்பதால், பொதுப்படையாகச் சொல்லாமல் ஒரே ஒரு கவுண்டியை எடுத்துக்கொண்டு விளக்குகிறேன். டெக்சஸின் 254 கவுண்டிகளில் பரப்பளவில் மிகப் பெரியது மேற்குக் கோடியில், மெக்சிகோ எல்லையை ஒட்டியுள்ள புரூஸ்டர் கவுண்டி. ஏறத்தாழ 6,200 சதுர மைல் பரப்பு கொண்ட அது கனெக்டிகட் மாநிலத்தைவிடப் பெரியது. ஆனால் 2020 கணக்கெடுப்பின்படி அங்கே வாழ்ந்தவர்கள் பத்தாயிரத்துக்கும் குறைவு. தலைமையிடமான ஆல்பைன் வடக்கே இருக்கிறது. தெற்கே டெர்லிங்குவாவிலிருந்து அங்கே போக ஏறத்தாழ 80 மைல் பயணம். கவுண்டியின் தென்பகுதியில் பிக் பெண்ட் தேசியப் பூங்கா எட்டு லட்சம் ஏக்கருக்கு மேல் விரிந்து கிடக்கிறது. இவ்வளவு பெரிய நிலத்தில் இவ்வளவு குறைந்த மக்கள் என்பதால், அலுவலகங்கள் சிறியவை, ஊழியர்கள் சிலரே, ஒருவரே பல வேலைகளைப் பார்ப்பார். தேடும்போது இதை மனத்தில் வைத்துக்கொண்டால் பாதி எரிச்சல் குறையும்.

கைது செய்தது யார் என்பதிலிருந்து தொடங்குங்கள்

நம் ஊரில் முதல் தகவல் அறிக்கை எந்தக் காவல் நிலையத்தில் பதிவானது என்று கேட்பதைப் போலவே, இங்கும் முதல் கேள்வி எந்த அமைப்பு கைது செய்தது என்பதுதான். புரூஸ்டர் போன்ற ஓர் இடத்தில் அதற்குப் பல விடைகள் இருக்கலாம். கவுண்டி முழுவதற்கும் மக்கள் தேர்ந்தெடுத்த காவல் தலைவரான ஷெரிஃபும் அவருடைய துணை அதிகாரிகளும் இருக்கிறார்கள். ஆல்பைன் நகரத்துக்குத் தனிக் காவல் துறை உண்டு. அங்குள்ள சுல் ராஸ் மாநிலப் பல்கலைக்கழகத்துக்குத் தனிக் காவலர்கள் உண்டு. நெடுஞ்சாலையில் நிறுத்துபவர் பெரும்பாலும் மாநிலப் பொதுப் பாதுகாப்புத் துறையின் ட்ரூப்பராக இருப்பார். வேட்டை, மீன்பிடி தொடர்பான குற்றம் என்றால் மாநில வனவிலங்குத் துறையின் கேம் வார்டன் கைது செய்திருக்கலாம். தேசியப் பூங்காவுக்குள் என்றால் அது கூட்டாட்சி அரசின் ரேஞ்சர். ஆல்பைனுக்கும் மராத்தான் என்ற ஊருக்கும் தெற்கே சாலைகளில் உள்ள சோதனைச் சாவடிகளில் இருப்பவர்கள் எல்லைக் காவல் படையினர்.

சம்பவ அறிக்கையை எழுதி வைத்திருப்பது கைது செய்த அமைப்பு. ட்ரூப்பர் எழுதிய அறிக்கையை ஷெரிஃப் அலுவலகத்தில் கேட்டால், எங்களிடம் அப்படி எதுவும் இல்லை என்று அவர்கள் உண்மையாகவே பதில் சொல்லுவார்கள். அந்தப் பதிலைக் கேட்டுவிட்டுக் கைதே நடக்கவில்லை என்று முடிவு கட்டுபவர்களை நான் பார்த்திருக்கிறேன். இந்தத் தேடலில் அடிக்கடி நேரும் தவறு இதுதான்.

ஆனால் மாநிலச் சட்டத்தின்கீழ் யார் கைது செய்தாலும், பிடிபட்டவரைக் கொண்டுபோய் வைக்கும் இடம் பொதுவாக ஒன்றுதான்: ஷெரிஃப் நடத்தும் கவுண்டிச் சிறை. ஆகவே கைது செய்தவர் யாரென்று தெரியாதபோது சிறையிலிருந்து தொடங்குவதே நல்லது.

சிறைக்குத் தொலைபேசி செய்தல்

சிறைக்குள் வரும் ஒவ்வொருவருக்கும் புக்கிங் எனப்படும் சேர்க்கைப் பதிவு எழுதப்படும்: பெயர், பிறந்த தேதி, புகைப்படம், கைரேகை, குற்றச்சாட்டு, கைது செய்த அதிகாரி, ஜாமீன் தொகை. பெரிய கவுண்டிகள் இந்தப் பட்டியலை இணையத்தில் போடுகின்றன. சின்னக் கவுண்டிகளில் அப்படிப் போடுவது அவரவர் விருப்பமும் வசதியும் பொறுத்தது. பட்டியல் இருந்தாலும் அது இன்று உள்ளே இருப்பவர்களை மட்டும் காட்டக்கூடும். நேற்று ஜாமீனில் போனவர் அதில் இருக்க மாட்டார்.

எனவே தொலைபேசியே விரைவான வழி. 911 என்ற அவசர எண்ணை இதற்காக ஒருபோதும் அழைக்கக் கூடாது. ஷெரிஃப் அலுவலகத்தின் சாதாரண எண்ணைக் கவுண்டியின் அதிகாரபூர்வ இணையதளத்திலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். தேடுபொறி முதலில் காட்டும் தளம் பல நேரங்களில் தனியார் தளமாக இருக்கும். அழைத்ததும் நீண்ட கதை சொல்ல வேண்டாம். தேடுபவரின் முழுப் பெயரையும் பிறந்த தேதியையும் சொல்லி, அவர் காவலில் இருக்கிறாரா, எந்தக் குற்றச்சாட்டு, எந்த அமைப்பு கைது செய்தது, ஜாமீன் நிர்ணயிக்கப்பட்டதா, எவ்வளவு, எந்த நீதிபதி முன் நிறுத்தப்பட்டார் என்று வரிசையாகக் கேட்டு, பதில் சொன்னவரின் பெயரோடு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். டெக்சஸில் கைதானவரைத் தேவையற்ற தாமதமின்றி, 48 மணி நேரத்துக்குள், ஒரு மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். கிராமப்புறங்களில் அந்த மாஜிஸ்திரேட் பெரும்பாலும் ஜஸ்டிஸ் ஆஃப் த பீஸ் எனப்படும், தேர்தலில் வென்று வந்த உள்ளூர் நீதிபதி. குற்றச்சாட்டையும் உரிமைகளையும் எடுத்துச் சொல்லி ஜாமீன் நிர்ணயிப்பது அங்கேதான். அதுவரை ஜாமீன் தொகை என்னவென்று சிறை ஊழியருக்கே தெரியாமல் இருக்கலாம். இரவில் கேட்டுப் பதில் கிடைக்காவிட்டால் மறுநாள் முற்பகல் மறுபடி கேளுங்கள்.

இல்லை என்ற பதில் வந்தால் பக்கத்துக் கவுண்டிகளையும் கேட்க வேண்டும். புரூஸ்டரைச் சுற்றி ப்ரெசிடியோ, ஜெஃப் டேவிஸ், பேகோஸ், டெரல் ஆகிய கவுண்டிகள் இருக்கின்றன. ஒரு கவுண்டியின் பிடியாணையில் வேறொரு கவுண்டியில் பிடிபட்டவர் முதலில் பிடிபட்ட இடத்துச் சிறையில்தான் இருப்பார். சின்னக் கவுண்டிகள் இடமில்லாதபோது தங்கள் கைதிகளை ஒப்பந்தத்தின்பேரில் வேறு கவுண்டிச் சிறைகளில் வைப்பதும் உண்டு.

பெயரை எப்படி எழுதியிருப்பார்கள்

தமிழர்கள் இந்தத் தேடலில் இடறும் இடம் பெயர். தகப்பனார் பெயர் முன்னால் தலைப்பெழுத்தாகவோ பின்னால் முழுச் சொல்லாகவோ வரும் நம் வழக்கம் அமெரிக்கப் படிவத்தின் முதற்பெயர், கடைசிப் பெயர் என்ற கட்டங்களுக்குள் ஒழுங்காக உட்காருவதில்லை. கடவுச்சீட்டில் ஒரே பெயர் மட்டும் உள்ளவர்களுக்கு அமெரிக்க விசாவில் முதற்பெயர் கட்டத்தில் எஃப்என்யூ என்ற மூன்றெழுத்து அச்சிடப்படும். முதற்பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது. அந்தச் சுருக்கமே சிறைப் பதிவில் ஒருவருடைய பெயராக ஏறிவிடக்கூடும். ஆகவே சொந்தப் பெயர், தந்தை பெயர் இரண்டையும் இடம் மாற்றியும், ஒற்றைப் பெயராகவும், எஃப்என்யூ சேர்த்தும் தேடச் சொல்லுங்கள். எல்லைப்பகுதியான இங்கே வாழும் பல மெக்சிகோ வழிக் குடும்பங்களில் தந்தை வழி, தாய் வழி என இரண்டு குடும்பப் பெயர்கள் இருக்கும். அவர்களைத் தேடும்போதும் இரண்டின்கீழும் பார்க்க வேண்டும். பிறந்த தேதியைச் சொல்லும்போது மாதத்தை முதலில் சொல்ல வேண்டும் என்பதை மறக்காதீர்கள். மார்ச் 5 என்பதை மே 3 ஆக எழுதிக்கொண்டால் ஆளே இல்லை என்று பதில் வரும்.

எழுத்து மூலம் கேட்பது

பழைய கைது என்றாலோ, தொலைபேசியில் சொன்னதைத் தாளில் வாங்க வேண்டும் என்றாலோ, டெக்சஸ் பொதுத் தகவல் சட்டத்தின்கீழ் விண்ணப்பிக்க வேண்டும். ஷார்ப்ஸ்டவுன் எனப்படும் பங்கு மோசடி ஊழல் மாநில அரசியலையே உலுக்கிய பிறகு, 1973-இல் நிறைவேற்றப்பட்ட சட்டம் அது. இந்தியாவின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைப் பயன்படுத்திய அனுபவம் உள்ளவர்களுக்கு இது பழக்கப்பட்டதாகவே தோன்றும். குடிமகனாக இருக்க வேண்டியதில்லை. எதற்காகக் கேட்கிறீர்கள் என்று அலுவலகம் விசாரிக்கவும் கூடாது. எந்தத் தாள் வேண்டும் என்பது புரியவில்லையென்றால் அதைத் தெளிவுபடுத்த மட்டுமே அவர்கள் கேட்கலாம். அப்படி எழுத்தில் கேட்டால் உடனே பதில் சொல்லுங்கள். 61 நாட்களுக்குள் பதில் போகாவிட்டால் விண்ணப்பத்தை நீங்களே திரும்பப் பெற்றுக்கொண்டதாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும்.

விண்ணப்பம் எழுத்தில் இருக்க வேண்டும். அஞ்சலில் அனுப்பலாம், நேரில் கொடுக்கலாம், அந்த அலுவலகம் அறிவித்துள்ள மின்னஞ்சல் முகவரிக்கும் அனுப்பலாம். தனிப் படிவம் தேவையில்லை. ஆங்கிலத்தில் ஒரு பக்கக் கடிதம் போதும். மேலே தேதி, பொதுத் தகவல் அலுவலருக்கு என்ற விளிப்பு, இது டெக்சஸ் அரசுச் சட்டத் தொகுப்பின் 552-ஆவது அத்தியாயத்தின்கீழான விண்ணப்பம் என்ற ஒரு வரி, கைதானவரின் பெயரும் பிறந்த தேதியும், கைது நடந்த நாள் அல்லது நாட்களின் எல்லை, இடம், பிறகு என்னென்ன தாள்கள் வேண்டும் என்பது. அவரைப் பற்றிய எல்லாத் தாள்களும் வேண்டும் என்று எழுதாதீர்கள். அப்படி எழுதினால் ஊழியர் எங்கே தொடங்குவது என்று தெரியாமல் திணறுவார், கட்டணமும் ஏறும். சேர்க்கைப் பதிவும், கைது மற்றும் சம்பவ அறிக்கையின் அடிப்படைத் தகவலும் வேண்டும் என்று குறிப்பாக எழுதுங்கள்.

அடிப்படைத் தகவல் என்ற சொல்லுக்கு இந்தச் சட்டத்தில் தனி வலிமை உண்டு. விசாரணையைக் கெடுக்கும் என்று கருதும் விவரங்களை மறைக்கக் காவல் துறைக்குச் சட்டம் இடம் தருகிறது; ஆனால் கைதானவர், கைது, குற்றம் ஆகியவை பற்றிய அடிப்படைத் தகவலை அந்தக் காரணம் சொல்லி மறைக்க முடியாது. ஹூஸ்டன் நகரத்துக்கு எதிராக ஹூஸ்டன் க்ரானிக்கள் பத்திரிகை நடத்திய வழக்கில் 1975-இல் வந்த தீர்ப்பும், அதையொட்டி மாநிலத்தின் தலைமைச் சட்ட அதிகாரியான அட்டர்னி ஜெனரல் 1976-இல் எழுதிய முடிவும் இந்த எல்லையை வரைந்தன. கைதானவரின் பெயர், வயது, கைது நடந்த நேரமும் இடமும், குற்றச்சாட்டு, சம்பவத்தின் விவரிப்பு, ஜாமீன் விவரம், விடுவிக்கப்பட்ட அல்லது மாற்றப்பட்ட குறிப்பு, கைது செய்த அதிகாரியின் பெயர் ஆகியவை அதில் அடங்கும். பாலியல் குற்றத்துக்கு ஆளானவரின் பெயர் போன்றவை மட்டும் கறுப்பு மையால் அடிக்கப்பட்டு வரும், அது நியாயமும்கூட.

அலுவலகம் தாமதமின்றித் தாள்களைத் தர வேண்டும். பத்து வேலை நாட்களுக்குள் தர முடியாவிட்டால் எப்போது தர முடியும் என்று எழுத்தில் சொல்ல வேண்டும். ஏதேனும் ஒன்றை மறைக்க விரும்பினால், அதே பத்து வேலை நாட்களுக்குள் அட்டர்னி ஜெனரலிடம் முடிவு கேட்க வேண்டும். அந்த முடிவுக்கு 45 வேலை நாட்கள் வரை ஆகலாம். வழக்கு தண்டனையிலோ, தீர்ப்பை ஒத்திவைத்த நன்னடத்தைக் காலத்திலோ முடியாமல் கைவிடப்பட்டிருந்தால் விரிவான அறிக்கையை மறைக்க அவர்களுக்கு இடம் உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். குற்றமற்றவர் என்று வெளியே வந்தவரின் குடும்பத்துக்கு அன்று உண்மையில் என்ன நடந்தது என்ற தாள் கிடைக்காமல் போவது இதனால்தான். எனக்கு இது சட்டத்தின் பெரிய குறையாகவே படுகிறது.

சாதாரண நகலுக்குப் பக்கத்துக்கு 10 சென்ட் என்பது பொதுவான விகிதம். ஐம்பது பக்கத்துக்குள் என்றால் பொதுவாக ஊழியரின் நேரத்துக்குத் தனிக் கட்டணம் கிடையாது. மொத்தம் 40 டாலரைத் தாண்டும் என்றால் முன்கூட்டியே கணக்கு அனுப்ப வேண்டும். ஒரு கைதின் தாள்கள் சில பக்கங்களே இருக்கும் என்பதால், நூற்றுக்கணக்கான டாலர் கேட்டால் விண்ணப்பத்தைக் குறுக்கி எழுத வேண்டும் என்று பொருள்.

நீதிமன்றக் கோப்பு

சிறைப் பதிவு ஒருவர் மீது என்ன சொல்லப்பட்டது என்பதை மட்டுமே காட்டும். அது நிரூபிக்கப்பட்டதா என்பது நீதிமன்றக் கோப்பில் இருக்கிறது. வாடகைக்கு வருபவரைப் பற்றித் தேடுகிறவர்கள் பலர் முதல் தாளோடு நின்றுவிடுகிறார்கள். தேடலின் பயனெல்லாம் இந்த இரண்டாம் பாதியில்தான் இருக்கிறது. முதல் பாதியோடு நிறுத்திவிடுவதைவிட ஒன்றுமே தேடாமலிருப்பது அந்த மனிதருக்கு நல்லது.

கோப்பு எந்த அலுவலகத்தில் இருக்கும் என்பது குற்றத்தின் தரத்தைப் பொறுத்தது. அதிகபட்சம் 500 டாலர் அபராதத்துக்கு மட்டும் உரிய சி வகுப்புச் சிறு குற்றம் என்றால், ஜஸ்டிஸ் ஆஃப் த பீஸ் நீதிமன்றத்திலோ நகராட்சி நீதிமன்றத்திலோ கேட்க வேண்டும். 180 நாள் வரை சிறைக்குரிய பி வகுப்பும் ஓராண்டு வரை சிறைக்குரிய ஏ வகுப்பும் கவுண்டி நீதிமன்றத்துக்கு உரியவை; அவற்றின் கோப்பு, பதிவுகளைப் பாதுகாக்கும் அலுவலரான கவுண்டி கிளார்க்கிடம் இருக்கும். ஃபெலனி எனப்படும் பெருங்குற்றம் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போகும்; அதன் கோப்பு டிஸ்ட்ரிக்ட் கிளார்க்கிடம். எடுத்துக்காட்டாக, மது அருந்தி வண்டி ஓட்டிய முதல் வழக்கு பொதுவாக பி வகுப்பு, மூன்றாம் முறை ஃபெலனி. திருட்டில் பொருளின் மதிப்பு 100 டாலருக்குக் கீழே என்றால் சி வகுப்பு, 750 டாலருக்குக் கீழே பி வகுப்பு, 2,500 டாலருக்குக் கீழே ஏ வகுப்பு, அதற்கு மேல் ஃபெலனி. கைதின்போது எழுதிய தரம் பிறகு மாறலாம் என்பதால் இரண்டு கிளார்க்குகளிடமும் கேட்பது நல்லது. மக்கள்தொகை 8,000-க்குக் குறைவான கவுண்டிகளில் இரண்டு பதவிகளையும் ஒருவரே வகிக்கலாம். பக்கத்து ஜெஃப் டேவிஸ் கவுண்டி அப்படிப்பட்ட சிறிய கவுண்டி.

நீதிமன்றங்களுக்குப் பொதுத் தகவல் சட்டம் பொருந்தாது. ஆகவே கிளார்க்குக்கு எழுதும் கடிதத்தில் 552-ஆவது அத்தியாயத்தைக் குறிப்பிடாதீர்கள். வழக்குக் கோப்பைப் பார்க்க விரும்புகிறேன், இந்தப் பெயரில் வழக்கு உண்டா என்று தேடித் தர வேண்டும் என்று எளிமையாகக் கேளுங்கள். கோப்பு பொதுவானது, முத்திரையிட்டு மூடாத எதையும் எவரும் பார்க்கலாம். தேடலுக்கும் நகலுக்கும் கட்டணம் தனித்தனியாக இருக்கும், அதைப் பணம் அனுப்பும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். புரூஸ்டரின் 394-ஆவது மாவட்ட நீதிமன்றம் ப்ரெசிடியோ, ஜெஃப் டேவிஸ், கல்பெர்சன், ஹட்ஸ்பெத் கவுண்டிகளுக்கும் உரியது. ஐந்து கவுண்டிகளுக்கும் ஒரே நீதிபதி என்பதால் விசாரணை நாட்கள் அடுத்தடுத்து வருவதில்லை. ஹட்ஸ்பெத் வரை தேட வேண்டியிருந்தால், அங்கே கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் ஓடும் என்பதைத் தொலைபேசி செய்யும்போது நினைவில் கொள்ளுங்கள்.

கைது உண்டு, ஆனால் வழக்கே இல்லை என்று கிளார்க் சொல்வதும் உண்டு. அதற்கு இரண்டு பொருள் இருக்கலாம். அரசு வழக்கறிஞர் வழக்குத் தொடர மறுத்திருக்கலாம்; அல்லது இன்னும் தொடராமல் இருக்கலாம். சிறு குற்றத்துக்குப் பொதுவாக இரண்டு ஆண்டுகள் வரை வழக்குத் தொடரக் காலம் உண்டு. பெருங்குற்றங்களுக்கு அதைவிட அதிகம். ஃபெலனி என்றால் குற்றம் சாட்டலாமா என்று முடிவு செய்யும், குடிமக்கள் 12 பேர் கொண்ட கிராண்ட் ஜூரி என்ற குழுவில் ஒன்பது பேர் இசைந்தால்தான் குற்றப்பத்திரிகை பிறக்கும். சின்னக் கவுண்டியில் அந்தக் குழு அடிக்கடி கூடுவதில்லை. எனவே சில மாதங்கள் கழித்து இன்னொரு முறை கேட்க வேண்டும். வழக்குத் தொடரவில்லை என்ற உறுதியான பதில் வேண்டுமென்றால், சிறு குற்றத்துக்குக் கவுண்டி அட்டர்னி அலுவலகமும் பெருங்குற்றத்துக்கு டிஸ்ட்ரிக்ட் அட்டர்னி அலுவலகமும் சரியான இடங்கள்.

கூட்டாட்சிக் கைதுகள்

பூங்கா ரேஞ்சரோ எல்லைக் காவலரோ பிடித்திருந்தால், பொதுவாகக் கவுண்டியின் எந்த அலமாரியிலும் அந்த வழக்கு இருக்காது. டெக்சஸின் மேற்கு மாவட்டக் கூட்டாட்சி நீதிமன்றத்தின் ஒரு கிளை ஆல்பைனிலேயே இருக்கிறது. கூட்டாட்சி வழக்குகளைப் பேசர் என்ற இணையச் சேவையில் பெயரைக் கொடுத்துத் தேடலாம்: பக்கத்துக்கு 10 சென்ட், ஓர் ஆவணத்துக்கு அதிகபட்சம் 3 டாலர், காலாண்டில் 30 டாலரைத் தாண்டாவிட்டால் கட்டணமே இல்லை. குடிவரவுக் காவலில் இருப்பவரைத் தேட ஐஸ் எனப்படும் குடிவரவு அமலாக்கத் துறையின் தேடுதளம் உண்டு; அதில் ஏலியன் எண் எனப்படும் குடிவரவுப் பதிவு எண்ணையோ பெயரையோ, பிறந்த நாட்டின் பெயருடன் தர வேண்டும். சோதனைச் சாவடியில் பிடிபட்டவர்களைக் கூட்டாட்சி அதிகாரிகள் உள்ளூர் ஷெரிஃபிடம் ஒப்படைப்பதும் சில நேரங்களில் நடப்பதால், இரண்டு பக்கமும் தேடுவதே பாதுகாப்பு.

மாநிலத் தளமும் தனியார் தளங்களும்

டெக்சஸ் பொதுப் பாதுகாப்புத் துறையின் குற்ற வரலாற்றுத் தளத்தில் ஒரு தேடலுக்கு ஏறத்தாழ ஒரு டாலர் கட்டி எவரும் தேடலாம். ஆனால் பொதுமக்களுக்கு அதில் தெரிவது தண்டனைகளும் தீர்ப்பு ஒத்திவைப்புகளும் மட்டுமே. வெறும் கைது தெரியாது. பெயரை வைத்துத் தேடுவதால் அதே பெயருடைய வேறொருவரின் வழக்கும் வந்து நிற்கலாம். கிளார்க்கிடமிருந்து வரும் நகலில் பிறந்த தேதியை ஒப்பிட்ட பிறகே அதை நம்புங்கள்.

கைதானவர்களின் படங்களைப் போட்டுப் பணம் பார்க்கும் தனியார் தளங்களை நம்பவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. கைதான நாளன்று எடுத்த தகவல் அங்கே அப்படியே உறைந்து கிடக்கும். வழக்கு தள்ளுபடியானதை அவர்கள் திரும்பிப் பார்ப்பதில்லை. நீதிமன்றம் அழிக்கச் சொன்ன பதிவை இத்தகைய வணிகத் தளங்கள் வெளியிடக் கூடாது என்று டெக்சஸில் 2013 முதல் சட்டமே இருக்கிறது.

தாளைப் படிப்பது

நகல் கைக்கு வந்ததும் முதல் பக்கத்தைவிடக் கடைசிப் பக்கத்தை முதலில் பாருங்கள். டிஸ்மிஸ்ட் என்றால் தள்ளுபடி. நோ பில் என்றால் கிராண்ட் ஜூரி குற்றம் சாட்ட மறுத்துவிட்டது. அக்விட்டட் என்றால் விசாரணைக்குப் பின் விடுதலை. டெஃபர்டு அட்ஜுடிகேஷன் என்பதை மட்டும் கவனமாகப் படிக்க வேண்டும்: குற்றத்தை ஒப்புக்கொண்டோ மறுக்காமலோ நின்றவருக்கு நீதிபதி தீர்ப்பை ஒத்திவைத்து நன்னடத்தைக் காலம் கொடுக்கிறார், அதை ஒழுங்காக முடித்தால் டெக்சஸ் சட்டத்தில் பொதுவாக அது தண்டனையாகக் கருதப்படுவதில்லை. ஆனால் கூட்டாட்சிக் குடிவரவுச் சட்டம் அதைத் தண்டனையாகவே எடுத்துக்கொள்ளும். விசாவிலோ கிரீன் கார்டிலோ இருப்பவர்கள், வழக்கறிஞர் நல்லபடியாக முடித்துக் கொடுத்தார் என்று நிம்மதியடையும் முன், குடிவரவு வழக்கறிஞர் ஒருவரிடம் அந்தத் தாளைக் காட்டியே ஆக வேண்டும்.

சில கைதுகள் எங்கு தேடினாலும் கிடைக்காது. எக்ஸ்பங்ஷன் எனப்படும் ஆணையால் பதிவே அழிக்கப்பட்டிருக்கலாம். வெளியிடாமை ஆணையால் பொதுமக்களுக்கு மறைக்கப்பட்டிருக்கலாம். பத்து வயது முதல் பதினாறு வயது வரையானவர்களின் பதிவுகள் பொதுவாக இரகசியமானவை. பதினேழு வயதை டெக்சஸ் குற்றச் சட்டம் பெரியவராகவே நடத்துகிறது என்பது நம் பெற்றோர் பலருக்குத் தெரிவதில்லை. அழிக்கப்பட்ட பதிவைத் தோண்டி எடுக்க முயல வேண்டாம். அந்த மனிதர் அதைச் சட்டப்படி கடந்து வந்துவிட்டார்.

வேலைக்கோ வாடகைக்கோ ஆளைத் தேர்வு செய்வதற்காக நிறுவனம் ஒன்றிடம் அறிக்கை வாங்குபவர்கள் 1970-இன் கூட்டாட்சிக் கடன் தகவல் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர்கள். வேலைக்கு எடுப்பவர் அந்த ஆளிடம் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். பெரும்பாலான அறிக்கைகளில் ஏழு ஆண்டுகளுக்கு முந்தைய கைதுகளைச் சேர்க்கக் கூடாது. கைது மட்டுமே ஒருவர் குற்றம் செய்ததற்கு ஆதாரம் ஆகாது என்று சம வேலைவாய்ப்பு ஆணையம் 2012-இல் தெளிவாக எழுதியிருக்கிறது.

சொந்தப் பதிவைத் தேடுபவர்களுக்கு

குடியுரிமைக்கான என்-400 படிவம் எப்போதாவது கைது செய்யப்பட்டிருக்கிறீர்களா என்று கேட்கிறது. வழக்கு தள்ளுபடியாகியிருந்தாலும், மாநில நீதிமன்றம் பதிவையே அழித்திருந்தாலும் அந்தக் கேள்விக்கு ஆம் என்றே பதில் எழுத வேண்டும். இணைக்க வேண்டியது நீதிமன்றத்தின் முத்திரையும் கையொப்பமும் உள்ள சான்றிட்ட நகல். சாதாரண நகல் போதாது. வழக்கே தொடரப்படவில்லை என்றால், கைது செய்த அமைப்பிடமிருந்தோ அரசு வழக்கறிஞரிடமிருந்தோ அதை உறுதி செய்யும் கடிதம் வேண்டும். பதிவை அழிக்க விண்ணப்பிக்க நினைப்பவர்கள் அதற்கு முன்பே இந்த நகல்களை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அழித்த பிறகு கிளார்க்கிடமே தாள் இருக்காது. அப்போது இல்லாத ஒன்றை நிரூபிக்க அலைய வேண்டியிருக்கும்.

எந்தக் கவுண்டியில் என்பதே மறந்துபோயிருந்தால், 18 டாலர் கட்டிக் கைரேகை கொடுத்து எஃப்பிஐயிடமிருந்து உங்கள் சொந்த வரலாற்றுச் சுருக்கத்தை வாங்கலாம். அதில் கைது செய்த அமைப்பும் தேதியும் இருக்கும்; முடிவு பல நேரங்களில் விடுபட்டிருக்கும். அந்த இரண்டையும் எழுதிக்கொண்டு உரிய கிளார்க்குக்குக் கடிதம் அனுப்பும்போது, சான்றிட்ட நகல் இரண்டு கேளுங்கள்; ஒன்று விண்ணப்பத்தோடு போகும், மற்றொன்றை நேர்காணலுக்குக் கையில் எடுத்துச் செல்லலாம்.